அம்மை வீட்டிலிருந்து விழுப்புரத்துக்கு

காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குத் திண்டிவனம் ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டோம். பாசஞ்சர் வண்டி. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் எப்போதும்போலக் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ஜன்னலு சீட்டு எனக்குத்தான்னு முன்னியே சொல்லிட்டேன். புள்ளத்தாச்சிகிட்ட சண்டைக்கு வராத" என்றாள் அக்கா.

"நான் எங்க வந்தேன்? நான் நின்னுக்கினுதான் வர்றேன்."

"நின்னுக்கினா? நீ படுத்துக்கினு இல்ல கீற."

அவள் சொன்னது சரி. நான் திண்டிவனம் ரோஷணையில், எங்கள் வீட்டு நடு அறையில், வேப்பிலை பரப்பிய வெள்ளை வேட்டியின்மேல் படுத்திருந்தேன். எனக்கு அம்மை போட்டிருந்தது. அக்கா அமுதா விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் தன் மாமியார் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தாள். அவளுக்கு ஒன்பதாம் மாதம். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, அவசியத்துக்குத் தவிர எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு பேர் காதிலும் போன். ரயில் பாதையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் முப்பத்தேழு கிலோமீட்டர். டிக்கெட் பத்து ரூபாய். அந்தத் தூரத்தைத்தான் நாங்கள் காலை வேளைகளில் பேசிப் பேசிக் கடந்துகொண்டிருந்தோம். இந்தப் பயணக் கட்டுரையில் நான் எங்கள் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அக்காவை வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. வளைகாப்பு முடிந்திருந்தது. பிரசவம் தாய்வீட்டில் என்று இரண்டு வீட்டிலும் பேசியாகிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்து போனது. அன்று ஆஸ்பத்திரியில் அம்மாதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு தங்கிய கரு இது. "இந்த வாட்டியும் அம்மா பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தெம்பு" என்று அக்கா மாசக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவும் நாட்டுக் கோழிக்குச் சொல்லிவைத்து, கருப்பட்டி, பழைய பருத்திப் புடவைகள் எல்லாம் சேர்த்து வைத்திருந்தார். புதன்கிழமை காலை என் மார்பில் நாலைந்து கொப்புளங்கள் தெரிந்தன. நான் டியூஷன் சென்டரில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். அங்கே பாதிப் பிள்ளைகள் அந்த வாரம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அம்மா என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வெளியே போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்து நிலைக்கு மேலே செருகினார். பிறகு அக்கா வீட்டுக்குப் போன் போட்டார். அக்காவின் மாமியார் எடுத்தார்.

"சம்பந்தி, வருத்தப்படாதீங்க" என்றார் அந்த அம்மா. "மூணாவது தண்ணி ஊத்தி முடிக்காம அந்த வூட்டுக் காத்துகூட இந்தப் பக்கம் வரக்கூடாது. இவளுக்குச் சின்ன வயசுல அம்மை வந்ததில்ல. வயித்துல ஒண்ணு கீது. நீங்களே ரோசன பண்ணிப் பாருங்க."

அம்மா, "ஆமாங்க, ஆமாங்க" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வீடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளியை நோயாளி என்று சொல்ல மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள், முத்து போட்டிருக்கிறாள், விளையாடுகிறாள் என்பார்கள். தாளிப்பு கிடையாது. கறி மீன் கிடையாது. தலை சீவக் கூடாது, நகம் வெட்டக் கூடாது. வீட்டிலுள்ளவர்கள் வேறு வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது. கொப்புளம் இறங்கியதும் மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்தால்தான் ஆத்தா போனதாகக் கணக்கு. அம்மா மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். படுத்திருக்கிறவன் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் கேட்பது அவன் இல்லை, ஆத்தா. இத்தனை வருடமாக எனக்கு ஒரு டம்ளர் கூடுதல் காப்பி கொடுக்காத அம்மா, நான் வாய் திறக்குமுன் இளநீரோடு வந்து நின்றார்.

கேட்டுக் கிடைக்காத ஒரே பொருள் கத்தரிக்கோல். எனக்குச் சின்ன வயதிலிருந்து பொம்மை பஸ் செய்கிற பழக்கம் உண்டு. ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி, அரசு பஸ் மாதிரியே நிறமடித்து, போர்டு எழுதி, ஜன்னலுக்குக் கம்பி வைத்துச் செய்வேன். செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ் ஒன்று பாதியில் நின்றிருந்தது. கூரை போட்டாயிற்று, சக்கரம் இல்லை. படுத்த இடத்திலிருந்தே வெட்டலாம் என்று நினைத்தேன்.

"ஆத்தா இருக்கிற வூட்ல இரும்ப எடுத்து வெட்டுவியா நீ?" என்று கேட்டு அம்மா கத்தரிக்கோலைக் கொண்டுபோய் ஒளித்துவைத்துவிட்டார்.

ஆகவே பென்சிலும் பழைய மாதக் காலண்டரும்தான் மிஞ்சின. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் போயிருக்கிற ஊர்களை ஞாபகத்திலிருந்து வரைய ஆரம்பித்தேன். ஊருக்கு ஒரு புள்ளி, பஸ் போகும் வழிக்கு ஒரு கோடு. உடம்பெல்லாம் அரிக்கும்போது கைக்கு ஒரு வேலை வேண்டும். அப்படி வரைந்துகொண்டிருந்தபோதுதான் அக்கா போன் செய்தாள்.

"இன்னாடா பண்ற?"

"மேப் போட்டுக்கினு கீறேன்."

"எனக்கும் பேஜாரா கீதுடா. மோட்டுவளையப் பாத்துக்கினு எம்மா நேரம் படுத்துக் கெடக்கறது? நீ காலேஜிக்கு வருவியே ட்ரெயின்ல, அதச் சொல்லு. வழியில இன்னா இன்னா வரும்?"

நான் விழுப்புரம் கல்லூரிக்கு மூன்று வருடம் சீசன் டிக்கெட்டில் போனவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா இறந்த வருடத்தில் அக்கா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு மண்டிக்கு மல்லாட்டை உடைக்கப் போனாள். நான் ரயிலேறிப் போன காலையெல்லாம் அவள் வேலைக்கு நடந்து போனாள். அவள் என்னிடம் வழி கேட்டது அதுதான் முதல் தடவை.

மயிலத்தில் வண்டி நின்றது. பங்குனி உத்திரம் என்றால் இங்கே காவடிக்காரர்கள் பெட்டி பெட்டியாக இறங்குவார்கள், அன்று மட்டும் எனக்குக் கதவோரம் நிற்க இடம் கிடைக்காது என்று சொன்னேன். பேரணியில் இறங்க ஆளில்லை. அந்த ஸ்டேஷனில் ஒரு புளியமரமும் ஒரு நாயும்தான் பயணிகள் என்று எங்கள் கூட்டத்தில் கேலி பேசுவோம். வண்டி நகரும்போது அந்த நாய் பிளாட்பாரம் முடியும்வரை கூடவே ஓடிவரும். விக்கிரவாண்டியில் பூக்காரப் பெண்கள் ஏறுவார்கள், கூடையைக் கதவுக்கு நடுவே வைத்துவிட்டு நம்மை நகரச் சொல்வார்கள். முண்டியம்பாக்கம் வருவதற்கு முன்பே சர்க்கரை ஆலை வாசனை வந்துவிடும்.

"வாசன எப்பிடி இருக்கும்?"

"வெல்லப் பாகு தீஞ்ச மாதிரி."

"ம். அப்புறம்?"

"அப்புறம் விழுப்புரம்தான். ஜங்ஷன். ஒரு பக்கம் பாண்டி வண்டி, ஒரு பக்கம் திருவண்ணாமல வண்டி, கடலூர் வண்டி. எறங்கிப் படியேறி வெளிய வந்தா..."

"வெளிய வந்தா எங்க வூட்டுக்கு வா. பத்து நிமிசந்தான்" என்றாள்.

அடுக்களையிலிருந்து அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "படுத்துக்கினே நல்லா ரயிலு உடுறான் பாரு" என்றார். ஆனால் மறுநாள் எட்டு மணிக்கு என் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று கேட்டது அவர்தான்.

செவ்வாய்க்கிழமை முதல் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முற்றத்து வெயிலில் காய்ந்த தண்ணீர். அன்று அக்காவைத் திருவக்கரைக்கு அழைத்துப் போனேன். நண்பனின் பைக்கில் நான் போனது ஒரு பௌர்ணமிக்கு முதல் நாள். வக்கிரகாளி கோயிலில் கொடிமரம் ஒரு பக்கம், நந்தி ஒரு பக்கமாக, நேர்க்கோட்டில் இல்லாமல் நிற்கும். கூட்டமாக வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்திலேயே செம்மண் மேட்டில் வேலி போட்டுக் கல்மரங்களைக் கிடத்தியிருக்கிறார்கள். பார்த்தால் நேற்று வெட்டிச் சாய்த்த மரம் போலவே பட்டையும் வரியும் தெரியும். தட்டினால் கல்.

"மரம் எப்பிடிடா கல்லாவும்?"

"மண்ணுக்குள்ள பொதஞ்சி, கொஞ்சம் கொஞ்சமா ஆவும். ரெண்டு கோடி வருசம் ஆச்சின்னு போர்டு வெச்சிருக்கான்."

"ரெண்டு கோடியா. எனக்கு ஒம்போது மாசமே போவ மாட்டேங்குது."

வியாழக்கிழமை மண்டகப்பட்டு. செஞ்சி சாலையிலிருந்து உள்ளே போகிற ஊர். வயலுக்கு நடுவே ஒரு பெரிய பாறை, அதைக் குடைந்து ஒரு கோயில். வாசலில் இரண்டு பக்கமும் தடியூன்றிய காவலர்கள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இதைச் செய்தேன் என்று பல்லவ ராஜா ஒருவன் அங்கே எழுதி வைத்திருக்கிறான். நண்பனும் நானும் போனபோது உள்ளே யாரும் இல்லை. குளுமையாக இருந்தது. வெளியே ஒருவர் மல்லாட்டைச் செடி பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார், எங்களுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தார்.

"செங்கல்லு இல்லாம, சுண்ணாம்பு இல்லாம கட்டிட்டானா?" என்றாள் அக்கா. "உங்க மாமாகிட்ட சொல்லு. இவரு செங்கல்லு, சிமிட்டி, ஜல்லி எல்லாத்தையும் எறக்கி வெச்சிக்கினு ரெண்டு வருசமா ஒரு ரூம்பு கட்டிக்கினு கீறாரு."

மாமா பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். "ஜல்தியா முடிச்சிடலாம்டா" என்று தூரத்தில் அவர் குரல் கேட்டது. அக்காவின் வீட்டுக்காரரான அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

அன்று பேச்சு முடியும்போது அக்கா, "நல்லாதான் கீது. ஆனா நீ சொல்ற எந்த ஊர்லயும் அம்மா இல்லியேடா" என்றாள்.

அது உண்மை. நான் போன எந்த ஊருக்கும் அம்மா வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டாம் தண்ணீர் ஆயிற்று. கொப்புளங்கள் கருகி உதிர ஆரம்பித்திருந்தன. மூன்றாம் தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை என்று அம்மா முடிவு செய்தார். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு என்று மூன்றும் ஆத்தாவுக்கு உகந்த கிழமைகள். அது முடிந்தால் திங்கட்கிழமை விடியலில் முதல் பஸ்ஸைப் பிடித்து அவர் விழுப்புரம் போகலாம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அம்மா பையை எடுத்துத் தட்டி வைத்தார்.

சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரை.

மாமா போன் செய்தார். "மாப்ள, நோவு எடுத்துக்கிச்சிடா. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வந்துட்டோம். பயந்துக்கினு அழுவுறா. அம்மாவ கேட்டுக்கினே கீறா. இன்னா பண்றதுன்னு தெரியல."

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் தண்ணீருக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

எங்கள் தெருவுக்கு வரும் நர்ஸ் அக்காவுக்கு நான் போன் போட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "உங்க அம்மா கன்னத்துல அம்மைத் தழும்பு கீது இல்ல? சின்ன வயசுலயே வந்துட்டுது. அவங்களுக்குத் திரும்ப வராது. நல்லாக் குளிச்சி, தொவச்ச துணி கட்டிக்கினு போவச் சொல்லு. நீ மட்டும் கெளம்பிடாத."

ஸ்பீக்கரில் போட்டு அம்மாவுக்கும் கேட்கவைத்தேன். அம்மா தலையை ஆட்டினார்.

"அவங்க படிச்சவங்க, சரியாத்தான் சொல்லுவாங்க. ஆனா வூட்டுக்கு வந்தவள வுட்டுட்டு வூட்டுக்காரி எழுந்து போவாளாடா? இன்னும் ஒரு தண்ணி கீது. கோவிச்சிக்கினு எம் பின்னாலயே வந்துட்டாள்னா? அவ எங்க போறா? பச்ச வயித்துக்காரிகிட்ட இல்ல போறா."

எனக்குக் கோபம் வந்தது. வைரஸ், தடுப்பாற்றல் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து போய்த் தலையோடு குளித்து, ஈரப் புடவையோடு வந்து, ஒரு தட்டில் சூடம் ஏற்றி, என் பாய்க்கு முன்னால் மண்டியிட்டார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயே. எம் மவ ஒருத்தியா நோவுல கெடக்கறா. போன வாட்டி அவ வயித்துல ஒண்ணும் நிக்கல, உனக்குத் தெரியும். நான் போவட்டுமா? நீயே சொல்லு."

"போம்மா. நேரமாவுது, போ" என்றேன்.

"உன்னியக் கேக்கலடா. நடுவுல பேசாத."

சூடம் எரிந்துகொண்டிருந்தது. அம்மா கையை இறக்கவில்லை. அவர் பார்வை என் முகத்தில் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான் என்ன பேசினாலும் அது என் பேச்சாகிவிடும், அவருக்குப் பயன்படாது என்று தெரிந்தது. ஆத்தா மாதிரி ஆடவோ நாக்கைத் துருத்தவோ எனக்கு வராது. அப்படிச் செய்தால் அது பொய். அங்கே அக்கா அழுதுகொண்டிருந்தாள். இங்கே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

எங்கள் அம்மாவின் பெயர் கன்னியம்மா. ரேஷன் கார்டில் அந்தப் பெயரை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். என் வாயால் அழைத்ததில்லை. எந்த மகன் அழைப்பான்?

"கன்னியம்மா" என்றேன்.

அம்மாவின் தோள் அதிர்ந்தது.

"உம் மவகிட்டப் போ. நான் இங்கியே கீறேன்."

நான்தான் சொன்னேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. நெற்றி தரையில் படக் கும்பிட்டு, சூடத்தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, துவைத்த புடவை மாற்றிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பாராமல் வெளியே போனார். அம்மை வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் ஆத்தாவும் கூடக் கிளம்பிவிடுவாளாம். கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒன்றே கால்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவரிடம் இருப்பது பட்டன் போன். மேம்பாலத்தடியில் விழுப்புரம் பஸ் பிடிக்கவேண்டும், முண்டியம்பாக்கம் நிற்கும் பஸ்ஸா என்று கேட்டு ஏறவேண்டும். ஏறியதும் கூப்பிடச் சொல்ல மறந்துவிட்டேன். நானே கூப்பிட்டேன்.

"ஏறிட்டேன். ஏறிட்டேன், வை" என்றார். ஆனால் அவர் வைக்கவில்லை. அவருக்குப் போனை அணைக்கச் சரியாக வராது, அப்படியே பையில் போட்டுவிடுவார். எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். அன்று நானும் வைக்கவில்லை. காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் நான் உண்மையாகவே செய்த பயணம் இதுதான்.

முதலில் வெறும் இரைச்சல், துணி உரசும் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல். "கொஞ்சம் தள்ளிக் குந்தும்மா, நானும் குந்திக்கறேன்."

"இங்க வேணாம்மா. ஆத்தா வெளையாடுற வூட்லேர்ந்து வர்றேன். நீ முன்னால போய்க் குந்து" என்றார் அம்மா.

வளையல் குலுங்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் விலகிப் போயிருப்பாள் என்று நினைத்தேன். பிறகு அவள் குரல் இன்னும் பக்கத்தில் கேட்டது. "இந்தா, தலையிலேர்ந்து எடுத்ததில்ல, புதுப் பூ. எம் பேரச் சொல்லி ஆத்தாவுக்குப் போடு. மரகதம்னு சொல்லு."

கண்டக்டர் வந்தார். "எங்கம்மா?"

"முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி ஒண்ணு."

"ஆத்தாவோட வர்றேன்னு பின்னால பேசிக்கிறாங்க. அவங்களுக்கும் சேத்து டிக்கெட்டு போட்றட்டா?"

பஸ்ஸில் சிரிப்புக் கேட்டது.

"ஆத்தா வூட்லயே கீறா. சொல்லிட்டுத்தான் வந்தேன். எனக்கு மட்டும் போடு" என்றார் அம்மா.

சிரிப்பு நின்றது. கண்டக்டர் மெதுவாக, "தப்பா எடுத்துக்காதம்மா" என்றார். டிக்கெட் கிழிக்கும் சத்தம் கேட்டது.

கூட்டேரிப்பட்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள் ஜன்னலைத் தட்டினார்கள். இரண்டு மணிக்குச் சற்று முன்னால் வண்டி வேகம் குறைந்து, ஹாரன் மேல் ஹாரனாகக் கேட்டது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி என்று புரிந்துகொண்டேன். "அவிச்ச மல்லாட்ட, அவிச்ச மல்லாட்ட" என்று யாரோ கூவினார்கள். அந்தச் சாலையில் நான் எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன். அன்று அப்படியில்லை. பிரேக் சத்தம் கேட்டால், ஏன் நிற்கிறான் என்று பாயில் எழுந்து உட்கார்ந்தேன். அந்தப் பஸ்ஸின் பின் சீட்டில் ஒரு கம்பியாக இருந்தால்கூடப் போதும் என்றிருந்தது.

"முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில்லாம் எறங்கு" என்று கண்டக்டர் கத்தினார். பிறகு, "பாத்து எறங்கும்மா. புள்ள நல்லபடியா பொறக்கும்" என்றார். அம்மா அவரிடம் எப்போது சொன்னார் என்று தெரியவில்லை. இரைச்சலில் நான் தவறவிட்டிருப்பேன்.

இரண்டே கால்.

ஆஸ்பத்திரிக்குள் அம்மா நடப்பது கேட்டது. செருப்புச் சத்தம் நின்றது. மாமாவின் குரல் ஓடி வந்தது. "அத்த, வந்துட்டீங்களா. வாங்க, உள்ள வாங்க."

"இல்ல மாப்ள. நான் இந்த மரத்தாண்ட நின்னுக்கறேன். நாளைக்குத்தான் மூணாவது தண்ணி. அது ஊத்தாம அவளத் தொட மாட்டேன். அவ எந்த ரூம்புல கீறா, அத மட்டும் காட்டு."

"அதோ, பச்ச சன்னலு. அதுக்குப் பின்னாலதான்."

அதற்குள் வேறு ஒரு செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. அக்காவின் மாமியார். வராதீர்கள் என்று சொன்னவர் அவர்தான்.

"வந்துட்டியா சம்பந்தி" என்றார் அவர். அவர் எங்கள் அம்மாவை ஒருமையில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "கிட்ட வராத. ஆனா போயிடவும் போயிடாத. நான் பெத்த தாயி மாதிரி கையப் புடிச்சிக்கினுதான் நிக்கிறேன். அவ அம்மா அம்மான்னு கத்தறது என்னிய இல்ல. நீ வந்து நிக்கிறன்னு சொல்றேன் போய்."

செருப்புச் சத்தம் விலகியது. அதன் பிறகு போனில் நிறைய நேரம் காகங்களும், ஆம்புலன்ஸும், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதும்தான் கேட்டன. அம்மாவின் போனில் சார்ஜ் தீர்ந்துவிடுமே என்ற பயம் வந்து, மனமில்லாமல் நான்தான் இணைப்பைத் துண்டித்தேன். வீடு சட்டென்று அமைதியானது. எழுந்து ஜன்னலண்டை போனேன். தெரு வழக்கம்போல இருந்தது. யாரோ மிதிவண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வைத்துவிட்டுப் போன இளநீர் அப்படியே இருந்தது. எடுத்துக் குடிக்கத் தோன்றவில்லை. மூன்றரை ஆனது, நாலரை ஆனது. பாசஞ்சர் வண்டி கூவிக்கொண்டு தெற்கே போனது. முண்டியம்பாக்கத்தில் அது நிற்கும். அதில் ஏறிவிட்டால் நாற்பது நிமிடத்தில் அந்த மரத்தடியில் இறங்கிவிடலாம். வாசல்வரை போய்ச் சாத்திய கதவில் கைவைத்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் மேலே மாமா கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது. "பொம்பளப் புள்ளடா. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. நல்லா கீறாங்க."

அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவுக்கு அக்காவின் மாமியார் ஏற்கெனவே வந்து சொல்லியிருந்தார். மூன்று பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அதே பச்சை ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றிய பிறகு, மாமாவின் போன் அக்காவின் கைக்குப் போனது.

"அம்மா" என்றாள் அக்கா. குரலே இல்லை.

"இங்கதாண்டி கீறேன். மரத்தாண்ட. சன்னலப் பாத்துக்கினுதான் நிக்கறேன்."

"படுத்துக்கினு கீறேன். எனக்குத் தெரியல."

"தெரிய வேணாம். நீ படு. நான் எங்கியும் போவல."

"கத்திக் கத்தித் தொண்ட போயிடுச்சிம்மா. நீ நிக்கிறன்னு அத்த வந்து சொன்னாங்க. அப்புறம்தான் முடிஞ்சுது."

"புள்ள யாரு மாதிரிடி?"

"இன்னும் ஒண்ணும் தெரியல. செவசெவன்னு கீது. கைய மூடிக்கினு கீது."

அப்போது குழந்தை அழுதது. பெரிய அழுகை இல்லை. தூக்கத்தில் யாரோ எழுப்பிவிட்டது போல, இழுத்து இழுத்து, பிறகு ஒரே மூச்சில். அழுகை அடங்கும்வரை மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அமுதா" என்றார் அம்மா. "எனக்கு ரெண்டு வாட்டி கேக்குதுடி. சன்னல்லேர்ந்து ஒண்ணு, போன்லேர்ந்து ஒண்ணு. மொதல்ல சன்னல்லேர்ந்துதான் வருது."

அக்கா அழுதாளா சிரித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இருட்டுவதற்குள் அம்மா திரும்பி பஸ் ஏறவேண்டும். மறுநாள் காலை எனக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். போனை வைக்காமல், பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டே அவர் என்னிடம் கேட்டார்.

"டேய், உனக்கு எத்தினி வாட்டி கேட்டுது?"

"ஒரு வாட்டிதாம்மா."

அம்மா சாலையோரம் வந்துவிட்டார் போல. லாரிகள் போகும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு அது போதும்" என்றார்.